விரற்கடை தள்ளி

முதல் சொட்டு விழுந்ததும் சுரீரென்று எரிந்தது. "கண்ணை மூடிக்கிட்டே இருங்க சார். திறந்தீங்கன்னா மருந்து வழிஞ்சிரும், மறுபடி முதல்லேர்ந்து ஊத்தணும்" என்று சொன்ன சிஸ்டர், அடுத்த நாற்காலிக்கு நகரும் முன், "கூட யார் வந்திருக்காங்க?" என்றாள். "வெளிய நிக்கிறாங்க" என்று சிகாமணி சொன்னார். யாரும் நிற்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்கு, அதுவும் நாலு எழுத்துப் பட்டம் வாங்கி இருபத்தெட்டு வருஷம் வானத்தைப் படித்த மனுஷனுக்கு, கண் ஆஸ்பத்திரியில் இவ்வளவு சின்னப் பொய் எதற்கு என்று மூடிய இமைக்குள் யோசித்தார். யாரும் இல்லை என்றால் அவள் என்ன செய்துவிடப் போகிறாள். வீட்டுக்கு அனுப்பியிருப்பாள், அவ்வளவுதான். மருந்து ஊற்றினால் ஐந்தாறு மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது, துணையில்லாமல் விடமாட்டோம் என்று பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். விண்ணப்பத்தில் 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் பேனாவை வைத்து எடுத்தபோது ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியோடுதான் தாளை நீட்டினார். ஞானசிகாமணி, வயது ஐம்பத்தேழு, உடன் வந்தவர் ஒரு புள்ளி. இமைக்குள் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. சிஸ்டரின் உடுப்பு இளஞ்சிவப்பு, அதுதான் தங்கிவிட்டது போலிருக்கிறது. இளஞ்சிவப்பு என்றதும் எண்ணம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, தெருவில் கடன்காரனைப் பார்த்தவன் எதிர்ச்சாரிக்குப் போவதைப் போல. அந்தக் காகிதம் வேண்டாம். காலையில் பஸ்ஸில் காதில் விழுந்த குரலை நினைத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டியதில்லைதான். ஆனால் அதற்கு ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

குரல் இளம்பரிதியுடையது, போனில் பேசிப் பதிந்து அனுப்பியது. அவரிடம் கடைசியாக ஆராய்ச்சி செய்துவிட்டு ஹாலந்துக்குப் போனவன். "சார், வணக்கம். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. புதுத் தொலைநோக்கில வந்தது. நம்ம பழைய துண்டுக்குள்ளதான் சார் இருக்கு" என்று ஆரம்பித்தான். நம்ம பழைய துண்டு என்றால், கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராத வானம். பதினாறு வருஷத்துக்கு முன் அதில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு, இது உருண்டை, இது சுருள், இது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று கண்ணால் பிரித்து அட்டவணை போட்டார்கள். அவர் ஆயுளுக்கும் செய்தது என்று ஒன்று உண்டென்றால் அந்த அட்டவணைதான். பஸ்ஸில், கம்பியைப் பிடித்த கையோடு, மற்றக் கையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு தண்டு. கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்து அடித்து வைத்த இரும்புக் கம்பிபோல நேராக, சற்றே சாய்வாக. அதன் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு கைகள் வளைந்து, சுழன்று நீர் தெளிக்கும் தோட்டக் குழாயைப் போல வெளியே போயின. தண்டுச் சுருள். அந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரம் கோடி வருஷம். இவ்வளவு தொலைவில், பிரபஞ்சம் இவ்வளவு சிறுவயதாக இருந்தபோது, இப்படி அமைதியாக ஒரு தண்டு திரண்டு நிற்கும் என்று அன்றைக்கு யாரும் எழுதவில்லை. கண்டக்டர் "உள்ள போங்க சார், போன் அப்புறம் பாக்கலாம்" என்றார். உள்ளே போனார். குரல் தொடர்ந்தது. "உங்க பதிவு நோட்டை எல்லாம் நான் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்ல சார், அதுல நூத்து நாப்பத்தி மூணாம் பக்கத்துல பென்சில்ல இது இருக்கு சார். ஒரு முட்டை, உள்ள சாய்வா ஒரு கோடு, பக்கத்துல கேள்விக்குறி. அதே சாய்வு. பதினாறு வருஷம் முன்னாடியே உங்க கண்ணுல பட்டிருக்கு. கட்டுரையில ஒரு வரி போடறேன், முதல்ல கவனிச்சது நீங்கன்னு. உங்க நேரத்துக்கு அஞ்சு மணிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், அனுப்பியாகணும்." இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டார்.

நோட்டு அவருடையது. அட்டையில் பெயர் அவருடையது. பென்சில் அவருடையது அல்ல. நோட்டு குழுத்தலைவர் பேரில் இருக்கும், உதவியாளர்கள் அதில் எழுதுவார்கள், கீழே யாரும் பெயர் போடுவதில்லை. அப்படி ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, அவர் மாணவராக இருந்தபோது அவருடைய ஆசிரியரின் நோட்டில் அவரும் அப்படித்தான் பெயரில்லாமல் எழுதினார். எழுதியது எமல்டா. தூத்துக்குடிப் பக்கம், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். மேஜையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தகர ஜாமெட்ரி பெட்டி ஒன்று வைத்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் டீக்குப் போகும்போது அவள் மட்டும் திரைக்கு முன் முகவாயில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். "என்ன எமல்டா, வானம் ஓடியா போயிரப் போகுது?" என்று யாராவது கேட்டால், "ஓடிக்கிட்டுதான சார் இருக்கு" என்பாள். அந்தக் குரல் இப்போது இவ்வளவு தெளிவாக வருகிறது, முகம் வரவில்லை. மூடிய கண்ணுக்குள் முகத்தைக் கூட்டிப் பார்த்தார். நெற்றி வந்தது, மூக்குத்தி இல்லாத மூக்கு வந்தது, சேர்த்தால் வேறு யாரோ. "ரெண்டாவது சொட்டு சார், மேல பாருங்க." பார்த்தார். ட்யூப்லைட் இரண்டாகி மூன்றாகிப் பிரிந்தது. மூடிக்கொண்டார்.

மருந்துக்கு முன்னால் பவர் பார்த்த பெண் ஒரு சங்கதி சொன்னாள். சுவரில் விசிறிபோல் விரித்த கோடுகளைக் காட்டி, எந்தக் கோடு கறுப்பு, எது மங்கல் என்று கேட்டுவிட்டு, "உங்களுக்கு சிலிண்டர் பவர் இருக்கு சார். ரொம்ப வருஷமா இருந்திருக்கணும், நீங்க கவனிக்கல. ஒரு சாய்வுல போற கோடு மட்டும் உங்களுக்குக் கலங்கலா விழும்" என்றாள். அப்போது நெஞ்சுக்குள் ஒன்று சந்தோஷப்பட்டது. அது என்ன சந்தோஷம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வெட்கமாகவும் இருந்தது. சாய்வான கோடு கலங்கலா விழும். அப்படியானால் என்மேல் என்ன தப்பு, கண்மேல்தானே தப்பு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கண் பார்க்கவில்லை, முடிந்தது. எவ்வளவு சுத்தமான காரணம், வைத்தியர் கையெழுத்தோடு கிடைக்கும். ஆனால் கண்ணாடி போட்டுத்தானே பார்த்தேன். கண்ணாடியில் அந்தப் பவர் இல்லை. சரி, இல்லை. ஆனால் திரையில் பெரிதாக்கித்தானே பார்த்தேன். கலங்கல் என்றாலும் கோடு கோடுதானே. கோடு தெரியாமலா அதற்கு மாஸ்க் போட்டேன். அங்கே வந்து எண்ணம் முள்ளில் மாட்டிய வேட்டிபோல் நின்றது. தெரியாத ஒன்றை யாரும் மூடுவதில்லை.

படத்தில் கருவியாலும் ஒளிச்சிதறலாலும் விழும் கறைகள் கணக்கில் சேர்ந்துவிடாமல் மவுஸால் வரைந்து மூடிவிடுவார்கள், அதற்குத்தான் மாஸ்க் போடுவது என்று பெயர். பிரகாசமான நட்சத்திரம் எதைப் படமெடுத்தாலும் நாலு பக்கமும் ஒளிமுள் நீளும். அந்த முள் நட்சத்திரத்தில் இல்லை, தொலைநோக்கிக்குள் கண்ணாடியைத் தாங்குகிற கம்பிகளில் இருக்கிறது. அன்றைக்கு அந்த மங்கிய முட்டைக்கு மேற்கே அப்படி ஒரு நட்சத்திரம் இருந்தது. முட்டைக்குள் கிடந்த கோடு அதன் முள்ளின் வால் என்று சிகாமணி ஒரே பார்வையில் சொன்னார். எமல்டா தகரப் பெட்டியைத் திறந்து அரையடி ஸ்கேலை எடுத்து, திரைமேலேயே வைத்தாள். "சார், முள்ளுன்னா கோட்டை நீட்டினா நட்சத்திரத்துல போய் முட்டணும்ல. இது முட்டல சார். விரற்கடை தள்ளிப் போகுது." அறையில் நாலு பேர் இருந்தார்கள். ஸ்கேல் ஆடாமல் இருந்தது, அவள் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. விரற்கடை தள்ளித்தான் போயிற்று. அதை அவர் பார்த்தார். இன்றைக்குக் கண் மூடியிருந்தும் அந்த இடைவெளி தெரிகிறது, திரையின் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலம் வெற்றிடம். "பிறந்த குழந்தைக்குக் கடைவாய்ப்பல் இருக்காதும்மா" என்றார் அவர். அவ்வளவு சிறுவயது மண்டலத்தில் தண்டு இருக்க முடியாது என்பது அதன் பொருள். அவள் ஸ்கேலை எடுக்கவில்லை. "இருக்குதே சார்" என்றாள். அப்போதுதான் சொன்னார், "ஸ்கேல் வச்சு வானத்தை அளக்கறதுன்னா தாசில்தார் ஆபீசுக்குப் போயிரலாம், இங்க எதுக்கு." மூன்று பேர் சிரித்தார்கள். அவள் ஸ்கேலைப் பெட்டிக்குள் வைத்து மூடியது டக்கென்று கேட்டது. மவுஸை அவர் தன் கையால் பிடித்து, கோட்டைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து மூடினார். மீதி இருந்த முட்டை 'ஒன்றும் சொல்வதற்கில்லை' என்ற பத்தியில் போய் உட்கார்ந்தது. அதுபோல மொத்தம் அறுநூற்று முப்பது மாஸ்க். ஒன்று தவறு என்று நான் சொல்லிவிட்டால் மீதி அறுநூற்று இருபத்தொன்பதை யார் நம்புவார்கள். நான் நம்புவேனா. இரவில் கதவைப் பூட்டினோமா என்று எழுந்துபோய் இழுத்துப் பார்ப்பவன் அறுநூறு கதவை எப்படி இழுத்துப் பார்ப்பான். ஆனால் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவுகள் எல்லாம் பூட்டியபடியே இருக்கும், அதற்கு மேலே, முதலில் கவனித்தவர் ஞானசிகாமணி. பென்சில் கோட்டுக்கு வாய் இல்லை.

"உங்களுக்கும் புரையா?" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "இல்லம்மா, உள்ள நரம்பைப் பாக்கணுமாம்." "என் பேரு பவுனு. பல்லாவரத்துல இட்லிக் கடை. எங்க வூட்டுக்காரரை உள்ள இட்டும்போயிருக்காங்க, புரை எடுக்க. பத்து வருசமா என்னை மசமசன்னுதான் பாத்தாரு, சண்டையில்லாம ஓடிச்சு. இனிமே பளிச்சுன்னு தெரியப் போவுது, என்னா ஆவப்போவுதோ." சிகாமணி சிரித்தார். சிரித்ததில் மருந்து கன்னத்தில் வழிந்தது. அவள் முந்தானையைத் தருவாளோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது, தரவில்லை, பஞ்சை எடுத்துக் கையில் வைத்தாள். கையில் வைத்தபோது விரல் பட்டது. கடைசியாக ஒரு மனுஷ விரல் எப்போது பட்டது என்று கணக்கிடத் தொடங்கி, கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்ததையும் சேர்க்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார். "உங்க கூட யாரும் வர்லியா தம்பி?" "வெளிய..." என்று ஆரம்பித்தவர், "யாரும் வரலம்மா" என்றார். சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் ஓடி வரவில்லை, கூரை அப்படியே இருந்தது. அவளும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "கல்யாணம் கட்டலியா?" "இல்ல." "அதுவும் ஒரு சவுகரியந்தான், போ" என்றாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் கண்ணைத் திறந்தார். திரை வெள்ளைப் பனியாக இருந்தது. கையை முழுக்க நீட்டியும் பெயர் படிக்க வரவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் பஞ்சு வைத்துத் தைத்தது போல. பவுனம்மாள் எட்டிப் பார்த்து, "இளம்பரிதி, ரெண்டு கேள்விக்குறி போட்டுக்கிறாரு" என்றாள்.

சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்யவில்லை. முடிவு என்ற ஒன்று எந்த இடத்தில் நடக்கிறது என்று அவருக்கு எப்போதுமே பிடிபட்டதில்லை. வாய் கேட்டது, "இதுல பேசி அனுப்பணும்மா, மைக் படம் இருக்கும், அழுத்திப் பிடிச்சுக்கிறீங்களா." "என் மவ துபாய்ல கீறா, தெனம் இதான் என் வேலை" என்று அவள் போனை வாங்கி அழுத்தி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். "இளம்பரிதி, அந்தப் படம் நான் வரைஞ்சதில்ல. எமல்டான்னு ஒருத்தங்க வரைஞ்சது. நான் அப்ப சரியாப் பாக்கல. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில தெரிஞ்சுது, எனக்குச் சாய்வான கோடு..." நிறுத்தினார். தன் குரலே தன் காதுக்கு எண்ணெய் தடவியது போல் இருந்தது. உண்மையைச் சொல்லப் புறப்பட்டு நாலாவது வாக்கியத்தில் கண்ணைப் பலி கொடுக்கிறேன். "அழிச்சுருங்கம்மா." "ஏன், நல்லாத்தான பேசினீங்க." "அழிச்சுருங்க." அவள் அழித்தாள். வரிசையில் யாரோ இருமினார்கள். மறுபடி அழுத்திப் பிடித்தாள். "இளம்பரிதி. அது எமல்டா கண்டுபிடிச்சது. ஸ்கேல் வச்சுக் காட்டினாங்க, அது முள்ளு இல்லன்னு. எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான்தான் மாஸ்க் போட்டேன். அதையும் எழுதிக்க. மத்த மாஸ்க்கையும் யாராவது திருப்பிப் பாக்கணும்." பவுனம்மாள் விரலை எடுத்தாள். "ரெண்டு டிக் வுழுந்திச்சு" என்றாள். பிறகு, "யாரு தம்பி அந்தப் பொண்ணு?" "எங்ககூட வேலை பாத்தாங்க." "இப்ப?" "தெரியல."

நிம்மதி வரும் என்று காத்திருந்தார். வந்தது ஒரு சின்னப் பெருமை. அதைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குள் பதில் வந்து போன் பேசியது, பவுனம்மாள் கேட்காமலே அழுத்திவிட்டிருந்தாள். தூரத்தில் ஏதோ பாத்திரச் சத்தம். "கேட்டேன் சார்" என்றான் இளம்பரிதி. "சரி சார். அப்ப அவங்க பேரைத்தான் போடணும். முழுப் பேரு என்ன சார்? குடும்பப் பேரோட, இனிஷியலோட வேணும். இப்பவே அந்த வருஷத்து அறிக்கையில தேடிப் பாத்துட்டேன், நன்றி சொல்ற இடத்துலகூட எமல்டான்னு ஒருத்தரும் இல்ல." முழுப் பேரு. அவர் வாயைத் திறந்தார். எமல்டா பெர்னாண்டோ. இல்லை, பெர்னாண்டோ கணக்குப் பிரிவில் இருந்தவர். மச்சாடோவா, ரொட்ரிகோவா. அப்பா பெயர் ஒன்று உண்டு, தினம் வருகைப் பதிவில் பார்த்த பெயர், அதற்கு மேலும் கீழும் இருந்தவர்கள் பெயர் ஞாபகம் இருக்கிறது, நடுவில் அந்த வரி மட்டும் மூடியிருக்கிறது, சதுரமாக. ஆயிரம் கோடி வருஷத்துக்கு அப்பாலிருந்து வந்த ஒன்றுக்கு எண் தெரியும், எத்தனை பாகை எத்தனை கலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இரண்டு வருஷம் மூன்றடி தள்ளி உட்கார்ந்தவளின் பெயர் பாதிதான் தெரியும். அந்தப் பெயர் முழுதாக, தட்டச்சில், இனிஷியலோடு இருக்கிற ஒரே இடம் எது என்று அவருக்குத் தெரிந்தது. காலையிலிருந்து எதிர்ச்சாரிக்குப் போய்ப் போய் ஒதுங்கிய அதே இடம். பணி மதிப்பீட்டுப் படிவம். வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு, மஞ்சள் மேலிடத்துக்கு, இளஞ்சிவப்பு நகல் எழுதியவருக்கு. வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. மேலே அவள் பெயர். கீழே, ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்ற கேள்விக்கு எதிரே, ஸ்கேல் வைத்த அதே மாதத்தில் அவர் கையால் எழுதிய இரண்டு சொல்: கவனம் போதாது. அதற்கப்புறம் அவள் வரவில்லை. மேஜை காலியாக இருந்ததை அவர் கவனித்ததுகூட ஒரு வாரம் கழித்துத்தான். மூன்று தாளையும் ஒருசேர அழுத்தி எழுதியதால் நடுவிரலில் பேனா பதிந்த வலி இருந்தது, அந்த வலியை இத்தனை வருஷம் வேறு ஏதோ வலி என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, பேரு தெரியாதா?" "வீட்டுல எழுதி வச்சிருக்கேன்." "போயி பாத்து சொல்லுங்க அப்ப." பெயரை மட்டும் பார்த்து, எழுதி அனுப்பிவிடலாம். யாரும் காகிதத்தைக் கேட்கவில்லை. ஆனால் எழுத்து தெரியாதே இன்றைக்கு, ஐந்து மணிக்குள் கண் தெளியாதே. நிறம் தெரியும். கோப்புக்குள் இளஞ்சிவப்பு அது ஒன்றுதான், தடவி எடுத்துவிடலாம். "இன்னொரு தடவை அழுத்துங்கம்மா" என்றார். "இளம்பரிதி, பேரு ஒரு தாள்ல இருக்கு. என்னால இப்ப படிக்க முடியாது. தாளை அப்படியே முழுசா படம் பிடிச்சு அனுப்பறேன். மேல அவங்க பேரு இருக்கும். கீழ இருக்கிறதையும் படி." பவுனம்மாள் விரலை எடுத்துப் போனை அவர் பையில் தானே போட்டாள்.

மூன்றாவது சொட்டுக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, மேலே, கீழே, மூக்கைப் பாருங்க என்று சொல்லி, விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்தபோது பவுனம்மாளின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். நிறத்தை வைத்துத்தான் தெரிந்தது, அவள் சேலை மாம்பழ நிறம். அட்டையில் செய்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பன்னிரண்டு மணி வெயில். வெள்ளை வெள்ளையாக எல்லாம். வண்டிகளின் கண்ணாடியில் பட்ட ஒவ்வொரு வெயில் துளியும் நாலு பக்கமும் முள் விட்டது. இது கண்ணில் இருக்கிற முள் என்று சொல்லிக்கொண்டார், வண்டியில் இல்லை. பஸ் ஒன்று வந்து நின்றது, சிவப்பென்பது மட்டும் தெரிந்தது, நெற்றியில் இருந்த எழுத்து ஒரு மஞ்சள் திட்டு. பக்கத்தில் யாரோ நின்றார்கள், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. "இது திருவான்மியூர் போகுமா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா, எனக்குத் தெரியல" என்றார். "போகும், ஏறுங்க. படி ஒசரம், பாத்து" என்றது குரல். தன் கண்ணால் அந்தத் திட்டை இன்னொரு தடவை உற்றுப் பார்க்கத் தலை தானாக உயர்ந்தது. தாழ்த்திக்கொண்டு, சொன்னதை நம்பி ஏறினார்.